வேடமும் மெய்ப்பொருளும்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மயிலாப்பூர் மாட வீதிகளில் உலா வரும் அறுபத்துமூவரில் மெய்ப்பொருள் நாயனாரும் ஒருவர். திருக்கோவலூரில் இருந்து சேதி நாட்டை ஆண்டவர். அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு இரவில் அரண்மனைக்குள் வந்தான். வேடத்தைப் பார்த்து வாயில் காவலர்கள் வழிவிட்டார்கள். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னவனை ஆசனத்தில் இருத்தி, அரசர் தரையில் அமர்ந்து வணங்கினார். அந்த நேரத்தில் அவன் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தான். சாய்ந்துகொண்டிருந்த அரசர், வந்தவர் நம்மைச் சேர்ந்தவர் என்று தடுத்தார். ஊர் எல்லைவரை அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடவும் பணித்தார். சேக்கிழார் சொல்லும் இந்த வரலாற்றைக் கேட்கும் இன்றைய மனம் நெளிகிறது. அடையாளத்தை நம்பி உயிரைக் கொடுத்தவரைத் தொழலாமா? புறத்தில் இருக்கும் ஒரு குறியை நம்புவது அறிவுக்குறை இல்லையா? இல்லை என்பதே என் வாதம். அடையாளத்தை மதித்து ஓங்கிய கையை நிறுத்திக்கொள்ளும் பண்பு இல்லாமல் உயிர் ஒருநாளும் நிலைக்காது. அதற்கான சான்று நம் இரத்தத்திலேயே இருக்கிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன போர்வை ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. நீரிழிவு வந்தவர்கள் ‘சுகர்’ என்று சொல்லும் இரத்தச் சர்க்கரை வேறு. இது செல்லின் மேற்பரப்பில் புல்லைப் போல அடர்ந்து நிற்பது. அந்தச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை இருக்கும். நோய் எதிர்ப்பு செல்களின் மேல் அதைத் தொட்டு அறியும் ஏற்பிகள் உண்டு. அவற்றுக்கு சிக்லெக் என்று பெயர். மனிதரிடம் 14, 15 வகை சிக்லெக்குகள் இருக்கின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளணு ஒன்று அந்நியக் கிருமியைக் கொல்லும் ஆயத்தத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் செல்லின் சியாலிக் அமிலம் சிக்லெக்கில் பட்டதும், பெரும்பாலான வகைகளில், உள்ளே ஒரு கட்டளை போகிறது: நிறுத்து, இது நம்முடையது. எதிரே இருக்கும் செல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்ப்பதில்லை. போர்வையின் நுனியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கிறது. தத்தனின் வாள் அரசரின் சொல்லுக்கு நின்றதைப் போலவே இதுவும் நிற்கிறது.

நம்பப்படும் அடையாளம் எதையும் களவாட ஒருவன் வருவான். பச்சிளம் குழந்தைகளுக்கு இரத்தத் தொற்றும் மூளைச்சவ்வுக் காய்ச்சலும் உண்டாக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படிப்பட்ட முத்தநாதன். அதன் உறையில் இருப்பது மனித செல்லில் இருக்கும் அதே சியாலிக் அமிலம். அந்த உறை நியூட்ரோபில்லின் சிக்லெக்-9 ஏற்பியைப் பற்றிக்கொண்டு அதன் கையைக் கட்டிவிடுகிறது என்பதை 2009-இல் ஒரு குழு காட்டியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆய்வு நடத்தும் அஜித் வர்க்கி அந்தக் குழுவில் ஒருவர். புற்றுநோயோ இதைவிட மனத்தைக் கலக்குவது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு வரும் குடும்பங்கள் பலவற்றின் நெஞ்சிலும், இவ்வளவு நாள் உடம்புக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்ற கேள்வி இருக்கும். விடையின் ஒரு பகுதி இந்தப் போர்வையில் இருக்கிறது. பல புற்றுக்கட்டிகளின் செல்கள் சியாலிக் அமிலத்தை வழக்கத்தைவிட அதிகமாகப் போர்த்திக்கொண்டு, கொல்ல வரும் செல்களை அடக்கிவிடுகின்றன. கிருமி அடையாளத்தைத் திருடுகிறது. புற்றுசெல்லோ பிறப்பால் நம்முடையது; அது காட்டும் அடையாளமும் பொய்யில்லை. நம்மவர் என்பது உண்மையாக இருந்தும் கேடு அங்கிருந்தே வருகிறது.

அப்படியானால் இந்த நம்பிக்கையே வேண்டாம், சிக்லெக் இல்லாத உடம்பு இன்னும் பாதுகாப்பாக இருக்குமே என்று ஒருவர் கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கும் இரண்டு சிக்லெக்குகளையும் எலிகளில் நீக்கியபோது, வயது ஏற ஏற அவற்றின் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கியது. லூபஸ் போன்ற நோய் வந்தது. ஏமாற்றுகிறவன் வரக்கூடும் என்பதற்காக எல்லோரையும் சந்தேகிக்கும் உடம்பு முதலில் கொல்வது தன்னைத்தான். நம்புவதால் சில நேரம் ஏமாறுவோம், நம்பாவிட்டால் நிச்சயமாக அழிவோம் என்ற இரண்டில் உயிர் முதலாவதைத் தேர்ந்துகொண்டு கோடானுகோடி ஆண்டுகளாக வாழ்கிறது. கிருமி அந்தச் சர்க்கரையைப் போர்த்திக்கொள்வதே, உடம்பு அதன்மேல் எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

நம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொள்வதா என்றும் கேட்கலாம். உடம்பு அப்படிச் செய்வதில்லை. பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கானைக் கண்டதும் தாக்கச் சொல்லும் டெக்டின்-1 போன்ற ஏற்பிகளும் அதே செல்களில் உண்டு. சிக்லெக்குகளிலேயே சில, அடக்குவதற்கு மாறாக உசுப்பிவிடுகின்றன. பல குறிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் செல் தீர்மானிக்கிறது. கரோலின் பெர்டோசி, 2022-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். புற்றுசெல்லின் மேல் மட்டும் சியாலிக் அமிலத்தைக் கத்தரிக்கும் நொதியை எதிர்ப்புரதத்தோடு கோத்து அனுப்பும் வழியை அவர் குழு உருவாக்கியது. உடம்பின் பொறுமையை அழிக்காமல், அதைத் தவறாகப் பயன்படுத்துகிறவனின் போர்வையை மட்டும் உரிப்பது இந்த மருத்துவத்தின் நோக்கம். அரசரின் கதையிலும் தத்தன் இருக்கிறான். அவன் கண்ணும் வாளும் அங்கே தேவைப்படுகின்றன. வாள் எப்போது நிற்கவேண்டும் என்பதே கதை எழுப்பும் கேள்வி.

மனிதக் கூட்டத்துக்கும் இது பொருந்தும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. காசநோய்க் கிருமியும் சர்க்கரையால் காரியம் சாதிப்பது. அதன் உறையில் இருக்கும் மேனோஸ் சர்க்கரையை நம் செல்களின் ஏற்பிகள் பற்றுகின்றன. அந்தப் பிடியையே வாசலாக்கி அது உள்ளே போய்க் குடியிருக்கிறது. இந்த நோய் வந்தவரைச் சமூகம் நடத்திய விதமோ சிக்லெக் இல்லாத உடம்பைப் போன்றது: வீட்டைவிட்டு விலக்கு, தொலைவில் வை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959-இல் முடிவு வெளியானது. உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமாக வழிவிட்டது இந்த ஆய்வு. இங்கே பயத்தை வென்றது வெறும் இரக்கம் மட்டுமில்லை. மருந்தும் கண்காணிப்பும் சேர்ந்த நம்பிக்கை.

கடைசி ஆட்சேபம் கனமானது. செல் செய்வதை வைத்து மனிதன் செய்யவேண்டியதைச் சொல்ல முடியுமா? முடியாது. செல்லுக்கு அறம் கிடையாது. அது ஏமாறுகிறது, அவ்வளவுதான். அடையாளத்தை மதிப்பது இயற்கைக்கு விரோதமான பேதைமை என்ற குற்றச்சாட்டுக்குத்தான் உடம்பு பதில் சொல்கிறது. நாயனார் செய்தது அதற்கும் அப்பால். கத்தி இறங்கிய பிறகு வந்தவன் யார் என்பது அவருக்குத் தெரியும். ஏமாற்றம் முடிந்துபோன அந்த நொடியிலும் அவர் தம் மதிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வணங்கியது முத்தநாதனை இல்லை, அவன் பூசியிருந்த நீறு சுட்டும் பொருளை. ஒருவன் பொய்யாகப் பூசியதால் அந்தப் பொருள் பொய்யாகிவிடாது. தம்மை ஏமாற்றியவனை முன்னிட்டு அடுத்து வரும் அடியாரைச் சந்தேகிக்க அவர் மறுத்தார். அவரைச் சுமந்துவரும் நாளில் மாட வீதிகளில் நீர்மோரும் பானகமும் சோறும் வழங்குகிறார்கள். கை நீட்டுகிறவரை யார் என்று யாரும் கேட்பதில்லை.