கொடியில் நிற்கும் சேவலும் கொல்லையில் நொண்டும் கோழியும்



தம்பி, தங்கைகளே, இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. கேட்கத்தான் சின்னது, பதில் சொல்றது கஷ்டம்.

நம்ம நீலகிரியில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டை நினைச்சுக்கோங்க. வீட்டுக்குப் பின்னாடி நாலஞ்சு நாட்டுக்கோழி. சாயங்காலம் கூட்டை அடைக்கிற நேரத்தில் ஒரு பெட்டை மட்டும் நொண்டிக்கிட்டு வருது. கவாத்து வெட்டின தேயிலைச் செடியோட கூரான குச்சி கிழிச்சிருக்கலாம். வேலிக்கம்பி பட்டிருக்கலாம். நாய் கவ்வியிருக்கலாம். காலில் ரத்தம்.

உடனே மூணு குரல் கேட்கும்.

"அது போன ஜென்மத்து வினை. அனுபவிச்சுத்தான் தீரணும்."

"ஒரு கோழிக்காக ஒரு நாள் சம்பளத்தை விடணுமா?"

"அறுத்துடுங்க, குழம்பாவது ஆகும்."

இது மூணுமே கல் மனசுக்காரங்க பேச்சு இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்களே சொல்ற பேச்சுதான். அதனால ஒவ்வொண்ணுக்கும் மரியாதையா பதில் தேடுவோம்.

*வினைன்னு விட்டுடலாமா?*

பழனிக்குக் காவடி தூக்கிப் போறவங்க யாராவது, "முருகா, என் கஷ்டம் என் வினை, நீ தலையிடாதே"ன்னு வேண்டிக்கிறாங்களா? நம்ம வலிக்கு அருள் கேட்கிறோம். கோழியோட வலிக்கு மட்டும் கர்மக் கணக்கு காட்டுறோம். இது நியாயமா?

கந்தபுராணத்தைப் பாருங்க. சூரபத்மன் செஞ்ச கொடுமைக்குக் கணக்கே இல்லை. கடைசியில் மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்தது. அந்த ரெண்டும் சேவலும் மயிலுமாகி எதிர்த்து வந்தப்போ, முருகன் அவற்றை அருளோடு பார்த்தார். சேவல் கொடியாச்சு, மயில் வாகனமாச்சு. வினையை மட்டும் பார்த்திருந்தா அங்கே கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

கோழிக்குக் காயம் பட்டது எந்த வினையாலன்னு நமக்குத் தெரியாது. ஆனா அந்தக் காயம் நம்ம கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்குது. அதுக்கப்புறம் நாம என்ன செய்யறோமோ அது நம்ம வினை. அந்தக் கணக்கு மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

*கோழிக்கு வலி தெரியுமா?*

"பறவைதானே, அதுக்கென்ன தெரியும்"னு நினைக்கிறவங்களும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. நொண்டுற கறிக்கோழிகளுக்கு முன்னாடி ரெண்டு தீவனம். ஒண்ணு சாதாரணம், இன்னொண்ணுல வலி மருந்து கலந்திருந்தது. நல்லா நடக்கிற கோழிகளைவிட நொண்டுற கோழிகள் மருந்துத் தீவனத்தை அதிகமா எடுத்துச்சு. நொண்டல் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமா மருந்து. வலிக்குதுன்னு வாயால சொல்லத் தெரியாத ஜீவன், தன் அலகால் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு, கோழி தன் வலியை முடிஞ்சவரை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினா கீரியும் பருந்தும் அதைத்தான் குறிவைக்கும். அதனால நம்ம கண்ணுக்கு நொண்டல் தெரியுதுன்னா, அது ஏற்கெனவே நிறைய தாங்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்.

*மயிலுக்குப் போர்வை தந்தவன்*

மலைக்குளிரையும் பறவையையும் சேர்த்து நினைச்சா நமக்கு ஞாபகம் வர்றது பேகன்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், நம்ம பழனி மலைப் பகுதியை ஆண்டவன். குளிரில் நடுங்குதுன்னு நினைச்சு ஒரு மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான். மயில் அதைப் போர்த்திக்காதுன்னு தெரியாமலா? தெரியும். மனசு பொறுக்கலை, கொடுத்துட்டான்.

பள்ளிக்கூடத்தில் நாம படிச்சது இதுவரைக்கும்தான். புறநானூற்றில் மீதியும் இருக்கு. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிஞ்சு இருந்தான் (இவங்க சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை). அந்த அம்மா வீட்டில் அழுதுக்கிட்டிருந்தாங்க. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவர்கள் அவனைத் தட்டிக் கேட்டாங்க. மயிலுக்கு இரங்கினவன் மனைவிக்கு இரங்கலையேன்னு அவங்களுக்கு ஆதங்கம். எங்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டாம், நீ போய் அவங்க துயரத்தைத் தீர்த்தா அதுவே பரிசுன்னு சொன்னாங்க.

நம்ம கேள்விக்கான பதில் எனக்கு இங்கேதான் கிடைக்குது. மயில் அழகு. தோகை விரிச்சா யாருக்கும் மனசு இளகும். சேவல் கொடியைப் பார்த்தா கை தானா கும்பிடும். கொல்லையில் இருக்கிற பெட்டைக்கு அந்தப் பெருமை எதுவும் இல்லை. அது நம்ம பொறுப்பில் இருக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த 'அவ்வளவுதான்' போதும். அழகுக்கு இரங்கறது சுலபம். நம்மை நம்பி இருக்கிறதுக்கு இரங்கறதுதான் கடமை. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 3-வது பிரிவில் இதையே சொல்லுது: ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வச்சிருக்கிறவர் அதோட நலனைப் பார்த்துக்கணும், தேவையில்லாத வலி வராம தடுக்கணும்.

*காசும் நேரமும்*

இரண்டாவது குரல் நியாயமான குரல். கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு ஒரு நாள் கூலி பெரிய விஷயம். ஆனா முதல் உதவிக்குக் காசைவிடக் கவனம்தான் அதிகம் வேணும்.

முதல்ல கோழியைத் தனியா பிரிங்க. ரத்தத்தைப் பார்த்தா மத்த கோழிகள் அங்கேயே கொத்தும். ரத்தம் வழிஞ்சா சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு கலந்து காயத்தைக் கழுவுங்க. போவிடோன் அயோடினை வெளிர் டீ கலர் வர்ற அளவுக்குத் தண்ணி கலந்து போடலாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் உலர்ந்த வைக்கோல் போட்டு, தீவனமும் தண்ணியும் எட்டுற தூரத்தில் வைங்க. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற ராத்திரிகளில் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் வைக்கோலை அடிக்கடி மாத்துங்க, ஈரத்தில் காயம் ஆறாது. ஈ உட்காராமப் பாருங்க, புழு வெச்சிடும்.

கோழியோட உடம்புச் சூடு இயல்பாவே 41 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல்னு நினைச்சு மனுஷங்க மாத்திரை கொடுக்காதீங்க. பறவைக்குச் சீழ் நமக்கு மாதிரி வழியாது, கட்டியா உள்ளேயே தங்கிடும். அதனால வீக்கம் இருந்தாலும், எலும்பு முறிஞ்ச மாதிரி கால் தொங்கினாலும் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகணும். கால்நடை உதவி எண் 1962-லும் கேட்டுப் பாருங்க.

தினமும் கழுவி, மருந்து போட்டு, வைக்கோல் மாத்தணும். இதைப் பல நாள் செய்யணும். கருணைங்கிறது கண்ணில் வர்ற தண்ணி மட்டும் இல்லை, காலையில் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒதுக்குற பத்து நிமிஷமும்தான்.

*குழம்புக் கேள்வி*

"ஞாயித்துக்கிழமை சிக்கன் சாப்பிட்டுட்டு இதைப் பேசுறோமே, வேஷம் இல்லையா?" உங்களில் பலர் மனசில் இது ஓடும். சாப்பிடலாமா கூடாதாங்கிறது தனிக் கேள்வி. அதுக்கு ஒவ்வொருத்தரும் சுவாமி முன்னாடி நின்னு பதில் தேடிக்கலாம். ஆனா அதுக்குப் பதில் தெரியற வரைக்கும் இந்தக் கால் வலிச்சுக்கிட்டே இருக்கணும்னு இல்லையே? நாளைக்கு என்ன முடிவு எடுத்தாலும், இன்னைக்கு வலியில் போட்டு வைக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது. முழுசா நல்லவங்களா ஆன பிறகுதான் ஒரு நல்லது செய்வேன்னா, யாருமே எதுவுமே செய்ய முடியாது.

சில சமயம் எவ்வளவு பார்த்தாலும் பிழைக்காது. இனி வேதனை மட்டும்தான்னு மருத்துவர் சொன்னா, அதை வலியில்லாம அனுப்பி வைக்கிறதும் கருணைதான். பிழைச்சா நொண்டிக்கிட்டே பல வருஷம் இருக்கலாம், முட்டை குறையலாம். குறைஞ்சா குறையட்டும்.

அடுத்த கிருத்திகைக்கு ஊட்டி எல்க் ஹில் முருகன் கோவிலுக்குப் போனா சேவல் கொடியை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்ததும், கூட்டுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க.

ஓம் சரவணபவ.

கோழி வளர்க்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க. அவங்களுக்கு இன்னைக்கே தேவைப்படலாம்.