எலும்பும் அமானிதமும்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையோரம் அமைந்துள்ள ரமணாசிரமத்திற்கு வருவோரில் பலர் 'நான் யார்?' என்ற ஒரே வினாவுடன்தான் வருகின்றனர். அவ்வினாவையே தம் போதனையின் மையமாகக் கொண்டிருந்த ரமணர், இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டியால் 1949ஆம் ஆண்டில் துன்புற்றார். நான்குமுறை அறுவை செய்தும் கட்டி மீண்டும் தோன்றியது. கையையே அகற்றிவிடலாம் என்ற மருத்துவர்களின் யோசனைக்கு அவர் இசையவில்லை. உடலே ஒரு நோய்தானே என்ற கருத்துப்படப் பேசினார் என்பர். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

அது அவர் கண்ட வழி. முஸ்லிமாகிய நமக்கோ உடல் நோயன்று; இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அடகுப் பொருளைப் பழுதுபடாமல் காப்பது போல் அதனைக் காப்பது நம் கடமை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை என்று அறிவுறுத்திய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், முதுமை ஒன்றை மட்டும் விலக்காகக் கூறினார்கள். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டைப் பொருத்தும் மருத்துவரும் முதுமையைக் குணப்படுத்துவதில்லை. பள்ளிவாசல் வரை நடந்து செல்லும் வலிமையை ஒரு முதியவருக்குச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தருகிறார், அவ்வளவே. அம்முதியவர் நாற்காலியில் அமர்ந்து தொழ நேர்ந்தாலும், தொழுகை வரிசையில் அவருக்கு இடம் இருக்கிறது.

உடலுக்குள் அந்நியப் பொருளை ஏற்கலாமா என்னும் ஐயம் நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. அர்பஜா (ரலி) என்ற நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்குச் செய்து அணிந்தார்; அது துர்நாற்றம் வீசியது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன், தேவையின் பொருட்டு அனுமதியாயிற்று. உடல் ஒவ்வாத பொருளைத் தள்ளி ஒத்துக்கொள்ளும் பொருளைத் தேடுவதே இன்றைய எலும்பு மருத்துவத்தின் பெரும்பணி. 1952இல் ஸ்வீடனின் பிரேனமார்க், டைட்டானியத்துடன் எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டார். 1962இல் இங்கிலாந்தின் சார்ன்லி, உலோகப் பந்தையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் இணைத்து இடுப்பு மூட்டு அமைத்தார். 1969இல் அமெரிக்காவின் ஹென்ச், எலும்போடு பிணையும் கண்ணாடியை உருவாக்கினார். எலும்பின் கனிமத்தை ஒத்த மட்பாண்டப் பொருள்களும், வேலை முடிந்ததும் உடலில் கரைந்துபோகும் திருகுகளும் இன்று வந்துவிட்டன.

ஆயினும் எல்லாப் பொருளும் சுரங்கத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ வருவதில்லை. சில மாட்டெலும்பிலிருந்தும், சில பன்றியின் திசுவிலிருந்தும் செய்யப்படுகின்றன. தூய பொருள் கிடைக்காதபோது அசுத்தமான ஒன்றால் எலும்பை இணைத்துக் கொண்டவர் மன்னிக்கப்படுவார் என்பது ஷாபியீ சட்டநூலான 'மின்ஹாஜி'ல் இமாம் நவவி (ரஹ்) கூறும் தீர்ப்பு. தூயது கிடைக்கக்கூடிய காலத்தில் அச்சலுகை இல்லை. ஆகவே, வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து வந்தது என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்பது நம் பொறுப்பு.

இவற்றினும் கடினமான கேள்வி மனித எலும்பைப் பற்றியது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்பது நபிமொழி. மய்யித்தைத் தொட அஞ்சுவோர் இந்த மரியாதையின் மீதே நிற்கிறார்கள். அவர்களை அறிவீனர் என்று இகழ்வது நியாயமன்று. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் எலும்பில் பள்ளம் விழுந்து, அதை நிரப்ப வேறொருவரின் எலும்பு தேவைப்பட்டால் நாம் மறுப்பதில்லை. வாங்கக் கூசாத கை, கொடுக்க மட்டும் ஏன் கூச வேண்டும்?

இதற்கு விடை தேட இறந்தவரிடம் போக வேண்டியதில்லை. இடுப்பு மூட்டு மாற்றும்போது, தொடையெலும்பின் பந்து போன்ற தலை எப்படியும் அகற்றப்படுகிறது. நோயாளியின் சம்மதத்துடன் அதைப் பெற்று, தொற்றுநோய் இல்லையெனச் சோதித்து, கடுங்குளிரில் காத்து, மற்றொருவரின் எலும்பில் விழுந்த பள்ளத்தை நிரப்புகிறார்கள். இங்கே எந்த மய்யித்தும் தீண்டப்படவில்லை. எவருடைய எலும்பும் கொடுப்பதற்காக முறிக்கப்படவில்லை. நோயின் காரணமாக அகற்றிய உறுப்பின் பகுதியைப் பிறருக்குப் பயன்படுத்தலாம் என்று 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்ட அகாதமி தீர்மானித்தது. நோயால் எடுக்கப்பட்ட கண்ணின் விழிவெண்படலத்தை அது எடுத்துக்காட்டாகத் தந்தது. உறுப்பு விலைப்பொருளாகக் கூடாது என்பதும் அதன் தீர்மானம். குப்பைக்கோ குழிக்கோ போகவிருந்த எலும்பு ஒருவரை எழுந்து நடக்கச் செய்யுமானால், அதற்கான ஒப்புதல் தாளில் கையெழுத்திடத் தயங்குவதற்கு நம்மிடம் என்ன நியாயம் உண்டு?

அப்படியானால், பிறர் எலும்பைச் சுமப்பவர் 'நான்' என்பது எதனை? நம் எலும்பே நிலையானதன்று. வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கரைந்து புதிதாகிறது. எலும்புகளை எவ்வாறு ஒன்றுசேர்ப்பான் என்று ஐயுற்றோருக்கு, விரல் நுனிகளையும் சீராக்க வல்லவன் அவன் என்று 'கியாமத்' அத்தியாயத்தில் திருமறை விடை தருகிறது. எவருடையது எது என்பதை அவன் அறிவான்; அக்கணக்கு நமக்குரியதன்று. மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது, நம் எலும்பு எங்கே போயிற்று என்பதாக இராது. ஒப்படைத்த அமானிதத்தை என்ன செய்தாய் என்பதாகவே இருக்கும். அதற்கு நாணாமல் விடை கூறும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.