ஆளில்லாத வீடுகள்

மயிலாப்பூரில் பழைய ஆட்கள் ஆங்கிலம் பேசும்போது ‘டேங்க்’ என்றால் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம். எங்கள் அடுக்ககத்தில் ‘டேங்க்’ என்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அது காலியானதும் மோட்டார் போட ஓடுவது பெரும்பாலும் பெண்கள்தான். தியாகராய நகரே, வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்று அழைத்த நீண்ட ஏரியை 1920களில் தூர்த்து எழுப்பிய ஊர். முதல் உலகப் போரின் நடுவில் பிரிட்டிஷார் ஒரு போர் வண்டியை இரகசியமாகக் கட்டியபோது, வெளியே தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பரில் அது பிரான்சில் களமிறங்கியது. பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. நான் எழுத வந்தது அந்த டாங்கியைப் பற்றி. சரியாகச் சொன்னால், கணினித் திரையில் ஓடும் டாங்கியைப் பற்றி.

பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் இதற்கு என்ன வேலை? நான் இதை விளையாடுகிறேன் என்பது முதல் பதில். அக்கா மகன்தான் ‘வார் தண்டர்’ விளையாட்டை என் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தான். மைக்கை அணைத்துவிட்டு, ஆண் என்று நினைக்கும்படியான ஒரு பெயரில் விளையாடுகிறேன். காரணத்தை இந்த நூலின் வாசகிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு கேசட் செருகி ஆடிய ‘பேட்டில் சிட்டி’ சிலருக்கு நினைவிருக்கும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985இல் செய்தது. டாங்கி ஒரு சின்னக் கட்டம், சுற்றிலும் செங்கல் சுவர், காப்பாற்ற வேண்டியது ஒரு கழுகுச் சின்னம். அதை யாரும் உண்மை என்று நினைக்கவில்லை. இன்றைய விளையாட்டுகள் ‘உண்மைத்தன்மை’ என்பதையே விற்கின்றன. தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கிறது. அது எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது, குண்டு எந்த வகை, தூரம் கூடக்கூடத் துளைக்கும் வலு எவ்வளவு குறையும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. குண்டு துளைத்ததும் எக்ஸ்ரே போல ஒரு படம் வரும். சிதறல்கள் எந்தப் பக்கம் பாய்ந்தன, எரிபொருள் பற்றிக்கொண்டதா, ஓட்டுபவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், தளபதி இவர்களில் யார்மேல் பட்டது என்று காட்டும். பட்டவரின் உருவம் நிறம் மாறிக் கடைசியில் கறுத்துப்போகும். இரத்தம் கிடையாது. சில நொடிகளில் இன்னொருவர் அந்த இருக்கைக்கு மாறிக்கொள்வார்.

இந்தத் துல்லியத்தின் மேல் இருக்கும் வெறி சாதாரணமானதல்ல. 2021 ஜூலையில், பிரிட்டனின் ‘சேலஞ்சர் 2’ டாங்கி விளையாட்டில் தவறாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று வாதாடிய ஒருவர், தன் கட்சியை நிரூபிக்க இராணுவக் கையேட்டின் பக்கங்களையே இணையத்தில் போட்டார். அதே ஆண்டில் பிரான்சின் ‘லெக்லெர்க்’ டாங்கியின் தகவல் வெளியானது. அடுத்த ஆண்டு ஒரு சீனக் குண்டு. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொருள் உள்ளது உள்ளபடி காட்டப்பட வேண்டும் என்பதற்காகச் சிறைக்குப் போகவும் துணிவது ஒருவகை அறவேட்கைதான். எதைப் பற்றிய உண்மைக்காக இத்தனை துணிவு என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

அடையாறில் என் தோழி வீட்டு மாடியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் குடியிருந்தார். 1987இல் அங்கே இருந்தவர். ஒரு மாலை நான் தோழிக்கு விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தார். திரையில் பெர்லின் நகரத் தெரு.

“உது நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் பிள்ளை, உந்த வீடுகளுக்குள்ள ஒரு சனமும் இல்லையோ?”

“இல்லம்மா.”

“டாங்கி வாறது காதுக்குக் கேக்க முன்னம் காலுக்குத் தெரியும். தட்டில இருக்கிற கோப்பையெல்லாம் கிலுகிலுக்கும்” என்றவர், தேத்தண்ணி குடிப்பீரோ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தபோது டி-72 டாங்கிகளும் போயின. அந்த டாங்கியின் தகட்டுக் கணக்கு எனக்கு மனப்பாடம். அது போன தெருக்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்று தேடிப் போனவர்களில் ஒருவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர். போருக்குள் பெண்கள் பட்டதைக் கேட்டுக் கேட்டுப் பதிவுசெய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தேடியதும் துல்லியம்தான். ஆனால் எந்த விளையாட்டு நிறுவனமும் அந்தத் துல்லியத்தை விளம்பரப்படுத்துவதில்லை.

விளையாட்டுக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் ‘சிமுலேட்டர்’ என்றொரு கடினமான முறை இருக்கிறது. மற்ற முறைகளில் டாங்கிக்குப் பின்னால், வானத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கலாம். இதில் அது கிடையாது. உள்ளிருப்பவர் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான். முதல் நாள் மூச்சுமுட்டியது. இடதுபுறம் ஒரு வாசல் கடந்து போனது எனக்குத் தெரியவே இல்லை. நிழல் அசைந்த இடமெல்லாம் எதிரி. பத்து நிமிடத்தில் நானே ஒரு வீட்டைப் பார்த்துக் காரணமில்லாமல் சுட்டேன். மோசமானவர்கள் மட்டுமல்ல, பயந்தவர்களும் வீடுகளைச் சுடுவார்கள் என்பதை எந்தப் போர்ப்படமும் இப்படி என் உடம்புக்குச் சொன்னதில்லை. ஆனால் நான் சுட்ட வீடு காலியாக இருந்தது. அதனால் அந்தப் பாடம் பாதியிலேயே முடிந்தது.

இது எங்கோ நடக்கும் கதையும் அல்ல. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கப்பட்டது. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் உலை வைத்தது அந்தச் சம்பளம். பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே தேர்ந்த ஐந்து பெண்கள் 2023 ஏப்ரலில் பீரங்கிப் படையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். டாங்கிப் படை இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. விளையாட்டு முந்திக்கொண்டது: ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ விளையாட்டில் பெண் சிப்பாய்கள் உண்டு. இதைச் சமத்துவம் என்று கொண்டாடும் தோழிகளோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அந்த இருக்கை பெண்ணுக்குக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தடுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் அத்தனையும் பொய். ஆனால் அந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் இடதுபுற வாசல் தெரியாது. வாசலில் நிற்பவளும் பெண்தானே என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

இனி இந்த விளையாட்டுகள் எப்படி வளரும்? சுவர் இன்னும் நிஜமாக இடியும், தலையில் மாட்டும் திரை வரும், புழுதி கண்ணை மறைக்கும். வீடுகளில் ஆட்களை வைப்பார்களா என்று அக்கா மகனைக் கேட்டேன். “மனுஷங்களைப் போட்டா கிராபிக்ஸ் கார்டு தாங்காது, சித்தி” என்றான். புல்லை இதழ் இதழாக அசைக்கத் தாங்குகிற கார்டு.

வைத்தாலும் எனக்கு நிம்மதி வராது. வைத்தால் எப்படி வைப்பார்கள் என்று தெரியும்: ஒரு பெண் செத்தால் ஐம்பது புள்ளி குறையும். அவளைத் தவிர்ப்பது ஒரு திறமையாகும், அதற்கொரு பதக்கமும் வரும். அதைவிடக் காலி வீடே தேவலை என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் காலி வீடு ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: போர் இரும்புக்கும் இரும்புக்கும் நடக்கிறது, ஊரார் தாமாகவே எங்கோ போய்விட்டார்கள் என்று. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் மாட்டேன். தகடு துல்லியம் என்று மட்டும் சொல்லி விற்கட்டும், போர் துல்லியம் என்று சொல்ல வேண்டாம்.

வேறு வழியே இல்லை என்பதும் இல்லை. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் செய்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’, முற்றுகையிடப்பட்ட சரயேவோ நகர மக்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் நாம் வீட்டுக்குள் இருப்பவர்கள். யார் பட்டினி, யாருக்கு மருந்து, இன்றிரவு யார் வெளியே போவது என்பதுதான் கணக்கு. 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் சிமுலேஷன்தான், ஈவிரக்கமில்லாத சிமுலேஷன்.

அக்கா மகனிடம் அதைக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆடிவிட்டு ‘போர்’ அடிக்கிறது என்றான். பிறகு கல்லூரிச் செயல்திட்டத்துக்காக அவனே ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறான். ஒரு சமையலறை மட்டும். டாங்கி திரைக்குள் வராது. அலமாரியில் கோப்பைகள் அதிரும். சத்தத்துக்கு எத்தனை நொடி முன்னால் அதிர வேண்டும் என்று என்னைக் கேட்டான். அந்த அம்மா இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.