சொல்லியதும் மறைத்ததும்

ஓர் ஆய்வாளனின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினா பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. நியமனத்தின்போதும் பதவியுயர்வின்போதும் அவனுடைய வெளியீட்டுப் பட்டியலே முதலிற் கேட்கப்படுகின்றது. கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்பவற்றை ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டும் சுட்டெண்ணொன்றினை 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் முன்வைத்தார். எண்ணுதல் எளிது, அதனாலேயே அது விரும்பப்படுகின்றது. ஆயின் ஒரு முடிவை வெளியிடுதல் அறஞ் சார்ந்த செயலுமாகும். தன்னை நம்புமாறு கேட்கின்றானா, தன்னைச் சோதிக்குமாறு கேட்கின்றானா என்பதே ஆங்கு எழும் வினா. இதனை ஆராய்தற்குச் சயரோக ஆராய்ச்சி வரலாற்றிலே ஒருவரே வெளியிட்ட இரு கட்டுரைகளை ஒப்புநோக்குதல் தகும்.

1882 மார்ச் 24 அன்று பேர்லின் உடற்றொழிலியற் கழகத்தில், சயரோகத்தின் காரணியான பற்றீரியத்தைக் கண்டறிந்தமையை றொபேட் கொக் எடுத்துரைத்தார். மனிதருள் எழுவரில் ஒருவர் இந்நோயால் மடிகின்றனர் என்று அவரே கணக்குக் கூறிய காலம் அது. அவர் முடிவை மட்டும் கூறி அமையவில்லை. எவ்வகைச் சாயமூட்டி நுண்ணுயிரைப் புலப்படுத்தினார், உறையச் செய்த குருதித் தெளியத்தில் அதனை எவ்வாறு வளர்த்தார், வளர்த்ததைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி நோயினை எவ்வாறு மீளத் தோற்றுவித்தார் என்பன யாவும் அவையோர்முன் வைக்கப்பட்டன. நுணுக்குக்காட்டிகளும் அங்கேயே இருந்தன. ஐயுற்றவன் தன் ஆய்வுகூடத்திற்குச் சென்று தானே செய்து பார்க்கலாம். அவையிலிருந்த எர்லிக் அவ்வாறே செய்தார். சில வாரங்களுள் கொக்கின் சாயமூட்டும் முறையைத் திருத்தியும் அமைத்தார்.

எட்டாண்டுகள் கழிந்தன. 1890 ஓகஸ்டிற் பேர்லினிற் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டில், கினிப்பன்றிகளிலே சயரோகத்தைத் தடுத்து நிறுத்தும் பொருளொன்றைத் தாம் கண்டதாக அவர் அறிவித்தார். நவம்பரில் மனிதருக்கான சிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது. மருந்து எதனாலானது என்பது அதில் இல்லை. நோயாளர் பல நாடுகளிலிருந்தும் பேர்லினுக்கு விரைந்தனர். (அந்நாளில் மருத்துவராகத் தொழில் புரிந்த ஆர்தர் கொனன் டொயிலும் அங்குச் சென்று, மக்களின் அவசர நம்பிக்கை குறித்து எச்சரித்து எழுதினார்.) பற்றீரிய வளர்ப்பிலிருந்து கிளிசரீனால் எடுக்கப்பட்ட சாறே அம்மருந்து என்பது 1891 ஜனவரியில்தான் வெளியாயிற்று. அதே மாதம் விர்ச்சோ, மருந்தேற்றப்பட்டு இறந்தோரின் உடல்களைச் சோதித்து, நோய் ஆறாமலும் புதிய இடங்களிற் பரவியும் இருந்தமையை எடுத்துக்காட்டினார்.

கொக்கின் பொருட்டு வாதிடுவோர் உளர். ஆய்வு முற்றுப்பெறாத நிலையிற் பிறர் அம்மருந்தைத் தவறாக ஆக்கிவிடுவர் என்னும் அச்சம் நியாயமானதே என்பர். அங்ஙனமே கொள்வோம். அவ்வாறாயின் அவர் வாய்திறவாது இருந்திருத்தல் வேண்டும். முற்ற மறைத்தலும் முற்ற உரைத்தலும் தம்மளவில் நேர்மையுடையன. பயனை உரைத்து வழியை மறைத்தலே குற்றம். அது கேட்போனைச் சாட்சியாக்காது அடியானாக்குகின்றது. சாவினை எதிர்நோக்கியிருக்கும் நோயாளியே அவ்வடியாருள் முதல்வனாகின்றான்.

பிற்காலத்தில் அப்பொருள் பயன்பட்டதே என்பது இன்னொரு வாதம். 1907 இற் பிர்க்கேயும் 1908 இல் மன்ரூவும் அதனைத் தோலிற் செலுத்தி, நோய்த்தொற்றினை அறியும் சோதனையாக்கினர். நிர்ப்பீடனவியல் அதனால் வளம்பெற்றமை மெய்யே. ஆயின் அப்பயனைக் கண்டவர்கள் பிறர். 1890 இல் ஊசியேற்றிக்கொண்டோர் அதற்கென இசைந்தவரல்லர்.

பட்டியலில் இவ்விரு கட்டுரைகளும் ஒவ்வொரு வரியே. பரபரப்பினால் அளப்பின் பிந்தியதே முந்தி நிற்கக்கூடும். மறுபுறம், பட்டியலுக்கு அகப்படாத உழைப்பும் உண்டு. பிரான்சின் லீல் நகரிற் கல்மெற், கெறின் என்னும் இருவரும் மாட்டுச் சயரோகப் பற்றீரியத்தின் கொடுமையைக் குறைக்க 1908 இல் முற்பட்டனர். நகர் ஜேர்மன் படைகளின் பிடியிலிருந்த போர்க்காலத்திலும், பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கின்மீது ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கொருமுறை அதனை மீளவும் வளர்த்தனர். 1921 இற் பாரிஸில் முதன்முறையாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டபோது பதின்மூன்றாண்டுகள் சென்றிருந்தன, வளர்ப்புகள் 230. அவற்றுட் பெரும்பாலானவை பற்றி எழுதுதற்குப் புதிதாக ஒன்றும் இருந்திராது.