மருத்துவரின் மனவருத்தம்



மருத்துவம் பயில விரும்புவோன் நூலையும் ஆசிரியரையும் தேடுமுன், மேற்கொள்ளும் பணியின் சுமை எத்தகையது, அதன் பயன் யாது, பின்விளைவு யாது என எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம். 2024-ஆம் ஆண்டில் 23 லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகள் நீட் தேர்வு எழுதினர். அவர்களுள் எத்தனை பேர் அவ்வாறு எண்ணிப் பார்த்திருப்பர்? பெற்றோரே அவர்களுக்காக எண்ணி முடித்திருப்பர்!

அந்தக் கேள்வி பின்னாளில் வருத்தமாக வந்து நிற்கிறது. நாகபுரியில் சத்சங்கம் முடிந்தபின் ஐம்பது வயதைக் கடந்த ஒரு மருத்துவர், "சுவாமிஜி, நான் இத்தொழிலுக்கு வந்திருக்கவே கூடாது. இப்போது என் மகளும் இதையே படிக்க விரும்புகிறாள். தடுத்துவிடலாமா?" என்று கேட்டார். இளமை முழுதும் தேர்விலும் இரவுப் பணியிலும் கழிந்ததையும், தந்தையின் இறுதி நாட்களில் அருகில் இருக்க இயலாமற் போனதையும் கூறினார். பின்னர், "பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் நினைவில் நிற்பவர்கள் பிழைக்காதவர்களே" என்றார்.

தடுக்கவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம், இதே சொற்களை மகளிடம் சொல்லுங்கள் என்றோம். சுமையின் எடையை அறிந்தவர் அவரன்றோ?

அவருடைய வருத்தத்தில் ஒரு பகுதி வெறும் களைப்பு. அதற்கு உபதேசம் மருந்தன்று, உறக்கமே மருந்து. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, பயிற்சி மருத்துவர்களின் பணி வாரத்திற்கு 74 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. வரம்பே இதுவென்றால் நடைமுறை எப்படி இருக்கும்! இதனைத் 'தியாகம்' எனப் புகழ்ந்து அவர்கள் வாயை அடைப்பது நாம் இழைக்கும் கொடுமை.

மறுபகுதி ஆழமானது. வைத்தியனின் மனப்பாங்கு நான்கு வகை என்கிறார் சரகர்: அனைவரிடமும் நட்பு, நோயுற்றோரிடம் கருணை, குணமாகக் கூடியவரிடம் ஈடுபாடு, மரணத்தை நோக்கிச் செல்பவரிடம் உபேக்ஷை. உபேக்ஷையை அலட்சியம் என்று கொண்டால் முன்சொன்ன கருணை பொய்யாகிவிடும். செய்யத்தக்கதைச் செய்தபின், விளைவு தன் கையில் இல்லை என ஏற்கும் சமநிலை என்றே அதனைக் கொள்ளுதல் தகும். அந்த நான்காவதை அவருக்குக் கல்லூரியில் கற்பித்தவர் எவருமில்லை.

நாமும் கற்கவிடுவதில்லை. நோயாளி பிழைத்தால் மருத்துவரைத் தெய்வம் என்கிறோம். இறந்தால் கொலைகாரர் என்கிறோம். தெய்வமாக்கப்பட்டவர் ஒவ்வொரு மரணத்தையும் தம் குற்றமாகவே சுமக்கிறார். உங்கள் குடும்பத்தில் மருத்துவர் எவரேனும் இருப்பின், இன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்பதை விடுத்து, யாரையேனும் இழந்தீர்களா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் அருகில் அமர்ந்திருங்கள்.