அவகாசம் தயவா, நீதியா?

பெருந்தொற்றின்போது கடனாளிக்குத் தரும் அவகாசம் தயவு அல்ல, நீதி என்றே நான் கருதுகிறேன். தயவென்றால் கொடுப்பவர் மனம்போல் நிறுத்திக்கொள்ளலாம். நீதியை அப்படி நிறுத்த முடியாது. பழைய சமயங்கள் இதை உணர்ந்திருந்தன. ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விடுவிப்பதை விவிலியத்தின் உபாகமம் சட்டமாகவே வைத்தது. நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது திருக்குர்ஆன்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வங்கிகளை அனுமதித்தது; பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடையை மூடச் சொன்னது அரசு. மூடிய கடையின் வட்டியைச் சுமந்தவர் கடைக்காரர். வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முழு வட்டித் தள்ளுபடியை மறுத்தது. வட்டியை முழுதும் தள்ளுபடி செய்தால், வைப்புத்தொகை வட்டியில் வாழும் முதியோருக்கு வங்கி என்ன சொல்லும் என்பது வலுவான ஆட்சேபம்தான். அவர்கள் பங்கைப் பறிக்கக் கூடாது. எல்லாருடைய உயிரையும் காக்கவே கடைகள் மூடப்பட்டன என்றால், அந்தச் செலவை ஏற்க வேண்டியது வங்கியோ கடைக்காரரோ அல்ல, எல்லாருக்கும் பொதுவான அரசுக் கருவூலம்.