அட்சய பாத்திரத்துக்கு எந்த ஊர்?

(ஆடித் திருவிழாக் காலத்தில் உடப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீமிதிப்புக்கு விரதம் காக்கும் பிள்ளைகள் முன்னால் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் நேர்த்தி வைத்திருக்கும் திரௌபதைத் தாய் எந்த ஊர்க்காரி? வடக்கே பாஞ்சால நாட்டு அரசன் மகள். தமிழ்நாட்டுச் செஞ்சிப் பக்கத்துச் சனம் அவளைத் தங்கள் தெய்வமாக்கிக் கொண்டது. கடல் தாண்டி வந்து இன்று புத்தளக் கரையில், கரைவலை இழுக்கும் குடிகளுக்குக் காவலாக இருக்கிறாள். அவளுடைய பிறந்த ஊரை இங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆனால் விருந்தோம்பல் என்று வந்தால் மட்டும், "அது தமிழர் பண்பாடு" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், பண்புடைமைக்கு இன்னோர் அதிகாரம் வைத்தார். 1330 குறளில் ஓரிடத்தில்கூடத் 'தமிழ்' என்ற சொல்லை வைக்கவில்லை. அவர் காரணமில்லாமல் செய்பவரா?

பாண்டவரின் வனவாசத்தை நினைத்துப் பாருங்கள். நாடு போய்விட்டது. சூரியன் கொடுத்த அட்சய பாத்திரம் ஒன்றுதான் கையில். அதுவும் திரௌபதை சாப்பிட்டு முடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அவள் உண்டு, கழுவிக் கவிழ்த்த பிறகு துர்வாச முனிவர் ஆயிரக்கணக்கான சீடர்களோடு வருகிறார். அவள் கண்ணனைக் கூப்பிடுகிறாள். அவன் பாத்திரத்தை வாங்கிப் பார்க்கிறான். விளிம்பில் ஒரு கீரைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்துவிடுகிறது. விருந்து கொடுத்தவள் யார்? தன் வீட்டை இழந்து, காட்டில் ஒதுங்கியிருந்த ஒரு பெண். அகதி. என் நெஞ்சை அறுப்பது அந்த இடம்தான்.

1990 அக்டோபரை இந்தக் கரை மறக்காது. வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்தவர்கள் பலர் மாரி மழையில் வள்ளம் ஏறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். நனைந்த உடுப்பு, இடுப்பில் பிள்ளை. அவர்கள் பேசியதும் நம்முடைய தமிழ்தான். தமிழின் பேரால் துரத்தப்பட்டார்கள். விருந்தோம்பல் இரத்தத்தில் ஊறியது என்றால், அந்த இரண்டு மணித்தியாலத்தில் அது எங்கே போனது? சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: அது பாவம். நம் பேரால் நடந்த பாவம்.

அவர்களுக்கு முதலில் கதவு திறந்தவர்கள் புத்தளத்து முஸ்லிம்கள். பள்ளிவாசலும் பாடசாலையும் நிறைந்தன. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. தமிழரும் சிங்களவரும் கைகொடுத்தார்கள். இந்தப் புத்தளத்துக்காரர் பெரும் பணக்காரர் இல்லை; மீனும் உப்பும் தேங்காயும் அவர்கள் சீவியம். வருடங்கள் போகப் போகத் தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் வந்தவர்களோடு மனக்கசப்பு வந்தது உண்மை. அதையும் மறைக்கக் கூடாது. ஒருமுறை சோறு போட்ட ஊர் என்ற பெயரை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. பாத்திரத்தை ஒவ்வொரு நாளும் கழுவி அடுப்பில் ஏற்றத்தான் வேண்டும்.

பெருந்தன்மைக்கு இன்னொரு சாட்சியாகத் தெற்கே முன்னேஸ்வரம் இருக்கிறது. பறங்கியர் இடித்த அந்தச் சிவாலயத்தை 1753இல் எழுப்பிக் கொடுத்தவர் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அதே ஆண்டில் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குகளின் உயர்துறவுச் சடங்கையும் மீட்டார். பிறப்பால் மதுரை நாயக்கர் வழி, சமயத்தால் பௌத்தர். அந்தப் பெருந்தன்மையை எந்த இனத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?

தாய்மார்களே, திருவிழாவில் அன்னதானப் பந்தி நடக்கிறது. கற்பிட்டியிலிருந்தும் வரலாம், சிலாபத்துச் சிங்களச் சனமும் வரலாம், அன்றைக்கு வள்ளத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வரலாம். எந்த ஊர், யாருடைய ஆள் என்று வாசலில் கேட்காதீர்கள். முதலில் இலையைப் போடுங்கள். ஊர்ப்பேச்சைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.